அளவுக் கடுகு

தலைவாழை இலையில் தண்ணீர் தெளித்துத் துடைக்கும்போதே பால்வண்ணத்துக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. இன்னும் உப்புகூட வைக்கவில்லை. வெறும் பச்சை இலை, நடு நரம்பின் ஓரத்தில் சின்னதாக ஒரு கிழிசல், அவ்வளவுதான். அதற்கே இப்படி. கண்ணை இலையிலிருந்து எடுத்து எதிரே வைத்துக்கொண்டார். இலையைப் பார்க்கக் கூடாது, பார்க்காமல் இருந்தால் கொஞ்ச நேரம் தாங்கலாம். மூன்று இலை போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் அவர் ஒருவர்தான். எதிரே மாப்பிள்ளைப் பையன் ஆவுடையப்பன், அவனுக்குப் பக்கத்தில் அவனுடைய தாய்மாமன் குற்றாலம். உள்ளே அடுக்களை வாசலில் பையனின் அம்மா பிச்சம்மாள் சட்டிகளை நகர்த்தும் சத்தம். பால்வண்ணத்தின் மனைவி கோமு அந்த வீட்டுப் பெண்களோடு உள்ளறையில் இருக்கிறாள். மாடிவரை ஏறி இறங்கி, கிணற்றடி, குளியலறை, பூசையறை எல்லாம் பார்த்துவிட்டு வந்தவள், நிலைப்படியில் நின்று புருசனை ஒரு பார்வை பார்த்து, “எனக்குத் திருப்திதான். நீங்க உக்காருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் சொன்னால் பாதிதான். மீதிப் பாதி அவருடைய வலது கையில் இருந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த இடத்தில் பெண்ணைப் பெற்றவன் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. இலையில் உட்கார்ந்து கை நனைக்காமல் எழுந்துவிட்டால் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியதே இல்லை, அந்த வீட்டுப் பூனைக்குக்கூடப் புரிந்துவிடும். அப்படி இதற்குமுன் இரண்டு வீட்டில் எழுந்திருக்கிறார். முதல் வீட்டில் ரசம். இரண்டாவது வீட்டில் பீன்ஸ் பொரியல், அதில் கறுப்புக் கறுப்பாக, பார்க்கப் பார்க்க நகர்வது மாதிரி. அவர்களுக்கு என்ன தெரியும். பொண்ணோட அப்பாவுக்கு நம்ம வீடு பிடிக்கலை என்று எடுத்துக்கொண்டார்கள், வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள். மகள் சங்கரவடிவுக்கு இந்த ஆவணியோடு முப்பத்தொன்று. இரண்டு தடவையும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. இன்று காலையில்தான் சட்டைக் காலரை மடித்துவிட்டுக்கொண்டே, “அப்பா, அங்க போயி இலைல கைய வச்சுக்கிட்டு யோசிக்காதீங்க. எனக்கு அவுகளப் பிடிச்சிருக்கு” என்றாள். பிடிச்சிருக்கு என்று அவள் வாயால் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுக் காலரைத் திரும்பவும் மடித்தாள், மடித்ததையே.

குற்றாலத்துக்கு நல்ல வழுக்கை. எண்ணெய் போட்டுத் தேய்த்த மாதிரி மின்னியது. பார்க்கக் கூடாது என்று இலையிலிருந்து எடுத்த கண் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. மயிர் இல்லாத தலை பால்வண்ணத்துக்கு எப்போதுமே தொந்தரவு. மயிர் இருந்தால் கொஞ்சமாவது மறைக்கும். இது அப்படியே தெரிகிறது, பின்னால் புடைத்து, காதுக்கு மேலே ஒடுங்கி, நெற்றி எலும்பு பொருந்துகிற இடத்தில் லேசாக ஒரு மேடு. அந்த மனிதர் சிரித்தால் கன்னத்து எலும்பு மேலே ஏறுகிறது, அதற்கு மேலே கண்குழி, கண்குழியின் விளிம்பு மழுங்கலாக இருக்கிறது, ஆண்தான். சே. எதிரே உட்கார்ந்து வெற்றிலைக் காவியோடு சிரிக்கிற மனிதரைப் பார்த்து ஆண்தான் என்று முடிவு கட்டுகிற புத்தியை எங்கே கொண்டுபோய் வைப்பது. பஸ்ஸில், கோயிலில், ரேசன் கடை வரிசையில், முன்னால் நிற்பவர்களின் பிடரியைப் பார்த்து இப்படித்தான். தோலுக்கு வெளியே நின்று ஒருவரையாவது பார்த்து எத்தனை வருசம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன் என்றுதான் இவர்களிடம் சொல்லியிருக்கிறார். பொய் இல்லை. ஆஸ்பத்திரியோடு ஒட்டிய மருத்துவக் கல்லூரியில், பிணவறைக்கு அடுத்த கட்டடத்தில், மண்டையோடுகள் வைத்திருந்த அறைக்கு அவர்தான் அட்டெண்டர். சாவி அவரிடம்தான். தூசி துடைப்பது, எண் எழுதிய சீட்டுக் கிழிந்தால் மாற்றி ஒட்டுவது, பையன்கள் பரீட்சைக்குக் கேட்டால் எடுத்துக் கொடுத்து எண்ணித் திரும்ப வாங்கி வைப்பது. அப்போதெல்லாம் அருவருப்பு என்று ஒன்று இருந்ததே இல்லை. எலும்பு எலும்புதான், காய்ந்தது, நாற்றமில்லாதது. அலமாரியில் சட்டி அடுக்கின மாதிரி இருக்கும். நடு மத்தியானம் அந்த அறையில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டிருக்கிறார், கடுகு தாளித்த புளிச்சோறு, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல். அந்த மனிதன் எங்கே போனான் என்றுதான் தெரியவில்லை.

பிச்சம்மாள் உப்பு வைத்தாள். ஊறுகாய் வைத்தாள். குனிந்து நிமிரும்போது முழங்கையில் வளையல் ஏறி இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஊறுகாயில் இருக்கும், ஊறுகாயில் எப்போதும் இருக்கும். அவர் ஜன்னலைப் பார்த்தார். கல்லூரிக்கு ஒரு டாக்டர் ஆராய்ச்சிக்கென்று வந்து சேர்ந்தபோதுதான் எல்லாம் ஆரம்பம். சின்ன வயசு, சுத்தமான சட்டை, எதையும் கத்திச் சொல்ல மாட்டார். வெறும் மண்டையோடு கிடைத்தால் அது ஆணா பெண்ணா, எந்தப் பக்கத்து ஆள் என்று கோர்ட்டில் சொல்வதற்கு இங்கத்திய அளவு வேண்டும், வெள்ளைக்காரன் புத்தகத்து அளவு நமக்குச் சரிவராது என்று விளக்கினார். பால்வண்ணத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது. காணாமல் போன ஒருத்தியைத் தேடுகிற தாய்க்கு அதனால் ஒரு பதில் கிடைக்குமென்றால் நல்ல வேலைதானே. நீளம், அகலம், மூக்குத் துளை, கண்குழி எல்லாம் இடுக்கி மாதிரி ஒரு கருவியால் பிடித்து அளந்தார்கள். டாக்டர் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொல்வார், ஒரு எண்கூடப் பிசகியதில்லை. அதோடு நின்றிருக்கலாம். உள்ளே எவ்வளவு கொள்ளும் என்று பார்க்க வேண்டுமே. அதற்குக் கடுகு. ஒரே பருமனாக உருண்டு இருப்பதால் கடுகுதான் சரி என்றார் டாக்டர். கல் நீக்கிப் புடைத்த கடுகு ஒரு பெரிய தகர டின்னில் வந்தது. கண்குழியைப் பஞ்சால் அடைத்து, மண்டையோட்டைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் தண்டுவடம் இறங்குகிற துளை வழியாகக் கடுகைக் கொட்ட வேண்டும். கொட்டிவிட்டு உலுக்க வேண்டும், தட்ட வேண்டும், கட்டை விரலால் அழுத்த வேண்டும், இன்னும் கொஞ்சம் கொட்ட வேண்டும். விரல் உள்ளே போகும். உள்ளே வழவழவென்று, ஓடைத்தடம் போலக் கோடுகள், மேடு பள்ளம். பிறகு அளவுக் குழாயில் கவிழ்த்து எவ்வளவு என்று படிக்க வேண்டும். படித்து முடித்ததும் அதே கடுகு அடுத்த தலைக்கு. ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு, ஆண் தலையிலிருந்து பெண் தலைக்கு, கிழவன் தலையிலிருந்து பல் முளைக்காத பிள்ளைத் தலைக்கு, ஒரே கடுகு. நாளாக நாளாக அதில் சாம்பல் நிறத்தில் ஒரு பொடி சேர்ந்தது. கையில் ஒட்டும். ஊதினால் பறக்கும். என்ன பொடி என்று அவர் கேட்கவில்லை, தெரிந்ததைக் கேட்பானேன். நினைவெல்லாம் இருந்த இடத்தில் கடுகு. யார் யாரைத் திட்டினார்கள், யாரிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள், அதெல்லாம் இருந்த குழிக்குள் கடுகு போய் நிரப்பிக்கொண்டு, குலுங்கி, சரசரவென்று குழாயில் இறங்கும். அந்தச் சரசர. அது இப்போதும் காதில் இருக்கிறது.

உள்ளே படபடவென்று எண்ணெயில் ஏதோ வெடித்தது. பால்வண்ணத்தின் இடது கை வேட்டியை இறுகப் பிடித்தது. தாளிக்கிறார்கள். வாசனை வருவதற்குள் மூச்சை விட்டுவிட வேண்டும், விட்டுவிட்டு மெல்ல வாயால் இழுக்க வேண்டும். “மோர் மிளகாயைக் கருக்கிராதட்டீ” என்று உள்ளே யாரிடமோ பிச்சம்மாள் சொன்னாள். மோர் மிளகாயா. மோர் மிளகாய் என்றால் மோர் மிளகாய்தானா, அதோடு வேறு எதுவும் இல்லையா. கோமுகூட, அந்த அளவெடுப்பு நடந்த காலத்தில் ஒருநாள் அப்படித்தான், ஒன்றும் இல்லை என்கிற குரலில், “உங்க கால்சட்டை மடிப்புல கடுகு கெடந்துச்சு, எங்கயோ கல்யாண வீட்டு அடுக்களைக்குள்ள போனீகளாக்கும்” என்று சொல்லிக்கொண்டே, உள்ளங்கையில் கிடந்ததை ஊதிப் பார்த்து, அஞ்சறைப் பெட்டியில் போட்டாள். எட்டோ பத்தோ கடுகு மணி. வீணாக்கத் தெரியாதவள். அது எங்கேயிருந்து வந்தது என்று சொன்னால் அவள் என்ன ஆவாள். அன்று ராத்திரி தோசைக்குத் தேங்காய்ச் சட்னி. தாளித்துக் கொட்டின சட்னி. அவர் உண்ணவில்லை, வயிறு சரியில்லை என்றார். ஆனால் கோமு சாப்பிட்டாள். சங்கரவடிவு சாப்பிட்டாள், இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், விரலை நக்கினாள். அவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த எட்டோ பத்தோ மணி பெட்டியிலேயே கிடந்ததா, சட்னிக்குப் போனதா, தெரியாது. ஒரு சிட்டிகை எடுத்தால் அதில் எத்தனை வரும், பெட்டியில் மொத்தம் எத்தனை இருந்திருக்கும் என்று படுக்கையில் கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கு வந்தது, அருவருப்பு குறையவில்லை. விடிந்தும் விடியாமலும் எழுந்துபோய் அஞ்சறைப் பெட்டியில் அந்தக் குழியிலிருந்த கடுகைச் சாக்கடையில் கொட்டிவிட்டுக் கழுவி வைத்தார். எனக்குக் கடுகு ஒத்துக்கொள்ளவில்லை, இனி இந்த வீட்டில் வேண்டாம் என்றார். கோமு முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். அன்றைக்குப் பின்கதவு பக்கம் சங்கரவடிவு பல் விளக்கிக்கொண்டு நின்றாள். பார்த்தாளா என்று தெரியாது. கல்லூரி முடித்த வருசம் அவளுக்கு.

“அண்ணாச்சிக்கு எந்தப் பக்கம்னு சொன்னீக?” என்றார் குற்றாலம். மேற்கே, ஆற்றங்கரைப் பக்கம் என்றார் பால்வண்ணம். “அதுல எந்தக் கிளை?” அதையும் சொன்னார். “அப்பம் சரிதான். எங்க அக்கா சொல்லுச்சு, நான்தான் நேர்ல ஒருக்க கேட்டுருவோம்னு. பொண்ணப் பாத்தேன்லா அன்னைக்கு, கொஞ்சம் ஏறு நெத்தி. நம்மள்ல ஏறு நெத்தி வராதே, எங்கருந்து வந்துச்சுன்னு பாத்தேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். நல்ல மனிதர்தான், மனசில் ஒன்றுமில்லை. ஆனால் பால்வண்ணத்தின் காதுக்கு மேலே, இரண்டு பக்கமும், சில்லென்று இரும்பு வந்து தொட்டது. அந்த டாக்டர் உயிரோடு இருப்பவர்களின் தலையும் கொஞ்சம் வேண்டும் என்று ஒருநாள் அவரையே முக்காலியில் உட்காரவைத்து அளந்தார். அளந்துகொண்டே என்ன சாதி என்று கேட்டார், எண்ணுக்குப் பக்கத்தில் எழுத. எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டு, “இன்னும் குறைவா இருக்கும்னு நெனச்சேன்” என்றார். திட்டவில்லை. ஏளனம்கூட இல்லை, கடைக்காரர் பூசணிக்காயைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்வது போல. பிறகு சிரித்து, “உங்களுக்குக் கடுகு எவ்வளவு புடிக்கும்னு மட்டும் இப்ப பாக்க முடியாது” என்றார். பால்வண்ணமும் சிரித்தார். ஏன் சிரித்தோம் என்று அன்று சாயங்காலம் சைக்கிளில் வரும்போது நினைத்தார், இப்போதும் நினைக்கிறார். ஏறு நெற்றி. என் மகளை நடக்கவிட்டுப் பார்த்தார்கள், பேசவிட்டுப் பார்த்தார்கள், அவளும் காப்பித் தட்டோடு நின்றாள். பெண் பார்ப்பது என்றால் அப்படித்தான், நானும் கோமுவை அப்படித்தான் பார்த்தேன். இதோ நான் இவர் வழுக்கையை அளக்கவில்லையா. இந்தப் பையனை வந்த நிமிசத்திலிருந்து, அவன் கும்பிடக் குனிந்தபோதே, உச்சியிலிருந்து அளந்துகொண்டுதானே இருக்கிறேன்.

சோறு விழுந்தது. ஆவி முகத்தில் அடித்தது. சோற்றுக்கு மேல் சாம்பார் இறங்கும் சத்தம். இனி எதிரே இருப்பவர்கள் காத்திருப்பார்கள், விருந்தாளி கை வைத்த பிறகுதான் வைப்பார்கள். கை நனைப்பது இந்த வீட்டில் போயா. உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்க, இவர்களுக்கு மளிகைக் கடை. பஜாரில், வீட்டுக்கு முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம். உள்ளே வரும்போது மூட்டைகளுக்கு நடுவேதான் வந்தார். துவரம்பருப்பு, வத்தல், அதற்கடுத்து வாய் சுருட்டிய ஒரு சின்னச் சாக்கு. அதை அவர் பார்க்கவில்லை, பார்க்காமல்தான் வந்தார், ஆனால் தெரியும். டாக்டர் ஆராய்ச்சி முடிந்து கிளம்பும்போது கடுகைக் கொட்டிவிடச் சொன்னார். பிணவறையில் வேலை பார்த்த சிங்காரத்திடம் டின்னைக் கொடுத்தார் பால்வண்ணம். மறுநாள் சிங்காரம் அறைக்குள்ளேயே அடுப்பு மூட்டி எல்லாருக்கும் டீ போட்டான், நல்ல டீ, ஏலக்காய் எல்லாம் தட்டிப் போட்டு. பால்வண்ணம் இரண்டு தம்ளர் குடித்தார். குடித்த பிறகுதான் சொன்னான்: “நல்ல கடுகுண்ணே, எதுக்குக் கொட்டணும்? சல்லடைல சலிச்சுட்டு பஜார்ல ஒரு கடைல குடுத்தேன். பதிலுக்கு டீத்தூள், சீனி, ஏலக்காய். கடைல ஒரு அக்கா இருந்தாக, கையில அள்ளிப் பாத்துட்டு சுத்தமான கடுகுன்னாக.” எந்தக் கடை என்று கேட்டதற்கு, “பஜார்ல எல்லாக் கடையும் ஒண்ணு மாதிரிதானண்ணே இருக்கு” என்றான். இப்போது கேட்கலாமென்றால் சிங்காரம் செத்துப்போனான். பஜாரில் பெண் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிற கடைகள் எத்தனை. புருசன் இறந்த நாளிலிருந்து பிச்சம்மாள்தான் கல்லாவில் என்று தரகர் பெருமையாகச் சொன்னார். பதினோரு வருசம் ஆகிவிட்டது, அந்தக் கடுகெல்லாம் ஊர் வயிற்றில் செரித்து மண்ணாகியிருக்கும், ஒரு மணிகூட மிச்சமிருக்காது. அது அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது, கை அல்லவா தூக்க மாட்டேன் என்கிறது.

“அண்ணாச்சி, கை நனைங்க” என்றாள் பிச்சம்மாள், தணிந்த குரலில். உள்ளறையில் பேச்சு நின்றுவிட்டது. கோமு கதவோரம் காதை வைத்திருப்பாள். சங்கரவடிவு வீட்டில் மின்விசிறி போடாமல் உட்கார்ந்திருப்பாள், யோசனை வந்தால் அவள் மின்விசிறி போட மாட்டாள். அவர் கையை இலைக்கு மேலே கொண்டுபோனார். அது அங்கேயே நின்றது. குற்றாலத்தின் சிரிப்பு மெல்ல இறங்கியது. “என்னக்கா, அண்ணாச்சி யோசிக்காக” என்றார். சமையலில்தான் குறையோ என்று தன் இலையிலிருந்த பொரியலை ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார். “யோசிக்க மாட்டாகளா? என்ன சமையல் இது, சப்புன்னு. ஏக்கா, மளிகைக் கடை வச்சிருக்க வீட்டுல ஒரு தாளிப்புக்கு வழியில்லையா? ஊரு சிரிக்கும்.” ஆவுடையப்பன்தான் இலையைப் பார்த்தபடி, “பேசாம சாப்பிடுங்க மாமா. நான்தான் அம்மாட்ட சொன்னேன். அவுகளுக்குக் கடுகு ஆகாது” என்றான்.

பால்வண்ணம் குனிந்து இலையைப் பார்த்தார். முதலில் ஒரு மூலையை, பிறகு அடுத்ததை, எண்ணித் திரும்ப வாங்குகிறவர் மாதிரி ஒவ்வொன்றாக. அவரைக்காய்ப் பொரியலில் தேங்காய்த் துருவல், பச்சை மிளகாய். ஊறுகாய் என்று நினைத்தது வெறும் உப்பு நார்த்தங்காய். கூட்டில் சீரகம். சாம்பாரில் கறிவேப்பிலையும் மல்லித்தழையும் மிதந்தன. ஒரு புள்ளி கறுப்பு இல்லை. எங்கும் இல்லை. காலரை இரண்டு தடவை மடித்துவிட்ட சங்கரவடிவின் விரல்கள் ஞாபகம் வந்தன. பின்கதவு பக்கம் நின்று பார்த்திருக்கிறாள், அப்பா வேலை பார்த்த அறையோடு சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறாள். பார்த்துவிட்டு இத்தனை வருசம் கேட்காமல் வைத்திருந்து, இவனிடம் சொல்லியிருக்கிறாள். எதுவரை சொன்னாள்? ஒத்துக்கொள்ளாது என்று மட்டுமா, இல்லை முழுவதுமா? பையன் நிமிர்ந்து பார்த்தான், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான், அந்தத் தாழ்த்தலில் எல்லாம் இருந்தது. இவனுக்குத் தெரியும். தெரிந்தும் இந்தக் கைக்கு எதிரே இலை போட்டு உட்கார்ந்திருக்கிறான். தன் விரல்களைப் பார்த்தார் பால்வண்ணம். கட்டை விரல். அதன் நகக்கண்ணில் அந்தச் சாம்பல் பொடி இன்னும் இருப்பது போலிருந்தது, காலையில்தான் சிகைக்காய் போட்டுத் தேய்த்தது. அருவருப்பு கடுகிலிருந்து கிளம்பிக் கைக்கு வந்துவிட்டது, இனி இதை எங்கே கொட்டுவது.

“கடுகு ஆகாதுன்னா, ஒடம்புக்கா?” என்றார் குற்றாலம், விடாமல். ஆவுடையப்பன் தயங்கினான். வேறு வழியில்லாமல் பால்வண்ணமே சொன்னார். குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வேலை என்றது மண்டையோட்டு அறையில் என்றும், அளவு பார்க்க அதற்குள் கடுகு கொட்டுவோம் என்றும், அதிலிருந்து வாயில் வைக்க முடியவில்லை என்றும், மூன்றே வாக்கியம். குற்றாலம் வாயிலிருந்த பொரியலை மெல்வதை நிறுத்தினார். மெல்ல அவர் கை போய்த் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டது. “தலைக்குள்ளயா,” என்றார். பிறகு கடைக்காரர் வீட்டு ஆள் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: “அளந்த பொறவு அந்தக் கடுகை என்ன செஞ்சீக?”

பிச்சம்மாள் நெய்க் கரண்டியோடு நின்றாள். கரண்டி இலைக்கு மேலே அப்படியே நின்றது, நுனியில் ஒரு சொட்டு திரண்டு, விழாமல். பதிலுக்காக நிற்கிறாளா, வேறு எதையாவது நினைத்துக்கொண்டாளா, ஏலக்காய் கேட்டு வந்த ஒருவன் முகம் வந்து போகிறதா, அவள் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. தோலுக்கு உள்ளே படிக்கத்தான் அவருக்குத் தெரியும், மேலே தெரிவதைப் படிக்க வரவில்லை. பொய்யாக ஒரு எண்ணைக்கூட அவர் சொன்னதில்லை.

“குழி தோண்டிப் புதைச்சுட்டோம்” என்றார் பால்வண்ணம். “நான்தான் பக்கத்துல நின்னேன். ஒரு மணிகூட வெளிய போகல.”

சொட்டு விழுந்தது. “நல்ல காரியம்” என்றாள் பிச்சம்மாள். அவர் சோற்றுக்குள் கையை விட்டார். சூடு விரலைச் சுட்டது, சுடட்டும் என்று பிசைந்தார், உருட்டினார், வாயில் வைத்தார். பருப்பு, புளி, நெய். உள்ளறையில் வளையல்கள் சலசலத்தன, யாரோ மூச்சுவிட்டுச் சிரித்தார்கள். “அப்பாடா. இனி அண்ணாச்சி இல்ல, சம்பந்தி” என்று குற்றாலம் தன் இலையில் கை வைத்தார். பால்வண்ணம் மென்றார். கடைவாயில் சிறிதாக ஏதோ நொறுங்கிக் கசந்தது. நாக்கால் துழாவிப் பார்த்தார், ஒன்றுமில்லை, இருக்க வாய்ப்பே இல்லை. எதிரே பையன் அவருடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான், இறங்குகிறதா என்று. அவர் விழுங்கினார். விழுங்கிவிட்டு, “இன்னுங் கொஞ்சம் சாம்பார் விடுங்க” என்றார்.